கோட்டுப் பைக்கு ஒரு துப்பாக்கி

என் அக்கா புருஷன் வெர்லினைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னால் மிட்டாயைத்தான் சொல்வேன். இரண்டாவதாக ஒன்று கேட்டால் எழுந்து போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் கூடத்தில், காபி மேஜைக்குப் பக்கத்தில், அந்தப் பழுப்புக் கோட்டோடு நிற்பான். சின்னப் பிள்ளைகள் வரிசையாக வந்து அவன் கோட்டின் வலது பைக்குள் கையை விட்டு, ஆளுக்கொரு வெண்ணெய் மிட்டாயை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அவன் எடுத்துக் கொடுக்க மாட்டான். "கைய விட்டு நீயே எடுத்துக்கோ" என்பான். அப்படிக் கையை விட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்து அந்தப் பைக்குள் கையை விட வைக்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷம் மட்டும் அவன் மனுஷன்.

மீதி நேரத்துக்கு அவன் வெறும் வாய்.

வேலை பார்த்த காலத்தில் அவன் விற்றது, சூறாவளி வந்தால் ஒளிந்துகொள்ளத் தரைக்கடியில் புதைக்கும் இரும்பு அறை. ஓக்லஹோமாவில் அதை விற்பது பெரிய சாமர்த்தியம் இல்லை. ஆனால் வெர்லின் விற்கிற விதம் தனி. பக்கத்து ஊரில் கூரை பறந்து, ஜனங்கள் தெருவில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே அங்கே போய் நிற்பான். கைக்குழந்தைக்காரி யாராவது இருந்தால் அவளிடம்தான் முதலில் போவான். "அடுத்த தடவ இந்தக் கொழந்தைய எங்கம்மா வெச்சுக்குவே?" என்று கேட்பான். அவள் அழுதுகொண்டே கையெழுத்துப் போடுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு ஒரு உசுரக் காப்பாத்தினேன்" என்று என் அக்காவிடம் பீற்றிக்கொள்வான். தூ.

அவன் வீட்டுக் கொல்லையிலும் ஒன்று புதைத்திருந்தான். ஒரு வருஷம் நிஜமாகவே சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதியது. என் அக்கா ஆர்டித் கொடியில் இருந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். இவன் ஓடிப் போய் உள்ளே இறங்கிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அவள் துணிக்கூடையோடு மேலே நின்று தட்டு தட்டென்று தட்டினாள். காற்று ஊரைத் தாண்டிப் போன பிறகுதான் திறந்தான். "நீ உள்ளதான் இருக்கேன்னு நெனச்சேன்" என்றான். அந்த இரும்பு அறைக்குள் இரண்டு பெஞ்சுதான் உண்டு. எதிர்ப் பெஞ்சில் பெண்டாட்டி இருக்கிறாளா இல்லையா என்று தெரியாதாம். என் அக்கா கூடையை எடுத்துக்கொண்டு துணி மடிக்கப் போய்விட்டாள். நானாக இருந்தால் அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டியிருப்பேன்.

இந்த ஆளுக்குத்தான் ஓய்வு பெற்ற பிறகு துப்பாக்கி ஆசை வந்தது.

எங்கள் ஊரில் துப்பாக்கி அதிசயம் இல்லை. என் வீட்டிலும் ஒன்று, இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. கோழிக்கூண்டுப் பக்கம் பாம்பு வந்தால் எடுப்பேன், சுடுவேன், துடைத்துத் திரும்ப வைப்பேன். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசினதில்லை. வெர்லினுடையது வேறு ரகம்.

அது டல்சா நகரத்தில் ஆரம்பித்தது. பெட்ரோல் போட நிறுத்தியிருக்கிறான். ஒரு பையன் பின்பக்கமாக வந்து, "ஐயா" என்று கூப்பிட்டிருக்கிறான். அவன் வண்டி பேட்டரி செத்துவிட்டதாம், ஒயர் இருக்குமா என்று கேட்க வந்தவன். வெர்லின் திரும்பினான், பார்த்தான், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். கையில் இருந்த பர்ஸ் கீழே விழுந்தது. அந்தப் பையனே குனிந்து எடுத்து, தூசி தட்டிக் கொடுத்துவிட்டு, வேறு வண்டியைப் பார்த்துப் போனான். காருக்குள் இருந்த ஆர்டித் எல்லாவற்றையும் பார்த்தாள். என்னிடம் மட்டும் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

ஆனால் ஊருக்கு அவன் சொன்ன கதை வேறு. அதில் பையன் மூன்று பேராக ஆனான். "இனிமே எவனும் என் கைய மேல தூக்க வெக்க முடியாது" என்று அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

முதலில் வாங்கியது பெரிய துப்பாக்கி. பெல்ட்டுக்கு உள்ளே, இடுப்போடு செருகிக்கொள்வது. அவன் தொப்பைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு காகிதத்தைச் செருகக்கூட இடமில்லை, இதை எங்கே செருகுவது? உட்கார்ந்தால் குத்தியது, எழுந்தால் சறுக்கியது. இருந்தாலும் மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி, "தெரியுதா?" என்று கேட்பான். அந்தக் கேள்வி அப்புறம் அவனை விட்டுப் போகவே இல்லை. காலையில் ஆர்டித் முட்டை பொரித்துக்கொண்டிருப்பாள். இவன் பின்னால் வந்து நின்று, "ஆர்டித், தெரியுதா பாரு." சர்ச்சுக்குக் கிளம்பும்போது என்னிடம், "நேவா, இந்தப் பக்கம் தெரியுதா?" புதுப் பாவாடை கட்டின சிறுமிகூட இத்தனை தடவை சுற்றமாட்டாள்.

தெரிந்தது. யாருக்குத் தெரியக் கூடாதோ அவளுக்கே தெரிந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், ட்ரெஸா. டல்சாவில் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸ். அவளுக்கு மார்லி என்று ஐந்து வயதில் ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேரும் வருவார்கள். சர்ச், அப்புறம் சாப்பாடு, சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். என் அக்காவுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்டு, அது அந்த நாள். வெர்லினுக்கும் அப்படித்தான் என்று அவனே சொல்வான். அந்தக் குட்டி அவன் மடியில் ஏறி உட்கார்ந்தால் வாயை மூடிக்கொண்டு இருப்பான், அதுவே ஒரு அதிசயம்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் வெர்லின் குனிந்து ஏதோ எடுத்தான். சட்டை ஏறியது. துப்பாக்கியின் பிடி முழுசாக மார்லியின் முகத்துக்கு நேரே இருந்தது. ட்ரெஸா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கத்தவில்லை.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நீங்க எத்தன வேணா வாங்கி வெச்சுக்குங்க. பெட்டியில பூட்டி வெச்சா நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா மார்லி கை எட்டுற எடத்துல ஒண்ணு இருந்துச்சு, அன்னையோட சரி. நானும் வரமாட்டேன், அவளும் வரமாட்டா."

"என்னம்மா இது, பெத்த அப்பன்கிட்ட..."

"நான் வேலையில எத பாக்கறேன்னு இந்த மேஜையில சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணுங்க."

பைபிளைக் கொண்டுவரச் சொன்னான். அவனாகவேதான். அதன்மேல் கையை வைத்து, கண்ணை மூடி, நெஞ்சு விம்மச் சத்தியம் பண்ணினான். ஆர்டித் அழுதேவிட்டாள். எனக்கு மட்டும் அந்த இரும்பு அறைக் கதவு ஞாபகம் வந்தது.

அடுத்த வாரமே புது யோசனை பிடித்துவிட்டான். "நேவா, அவ சொன்னது என்ன? கை எட்டுற எடம். மேஜை, அலமாரி, கட்டில். என் உடம்பு ஒரு எடமா? அது கண்ணுல பட்டதுதான் பிரச்சன. சின்னதா ஒண்ணு வாங்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"பைபிளுக்குத் தெரியாதா?" என்றேன்.

"உனக்கு எப்பவும் கிண்டல்தான்."

அடுத்து வாங்கியது ஐந்து குண்டுச் சுழல் துப்பாக்கி. அதைக் கணுக்காலில் கட்டிக்கொண்டான். ஒரு வாரம் ஊருக்குள் நொண்டினான். பார்க்கிறவர்களெல்லாம், "என்ன வெர்லின், மூட்டுவலியா?" என்று கேட்டார்கள். ஒரு பாட்டியம்மாள் தைலம் கொடுத்தனுப்பினாள். குனிந்து அதை எடுக்கப் பழகினபோது, குனிந்தவனுக்கு நிமிர முடியவில்லை. ஆர்டித் போய்த் தூக்கி நிறுத்தினாள். முதலில் வாங்கினதோடு அதுவும் பூட்டின பெட்டிக்குப் போனது.

"இந்தத் தடவ நீயும் கூடப் போ, நேவா" என்று என் அக்கா கெஞ்சினாள். "ஒண்ணோட நிறுத்துவான்." அப்படித்தான் நான் அந்தச் சனிக்கிழமை துப்பாக்கி விற்கிற கேலனின் கடைக்குப் போக நேர்ந்தது. தீவனக் கடைக்குப் பின்பக்கம், மாட்டுத் தீவன மூட்டைகளைத் தாண்டிப் போனால் அவன் கண்ணாடி மேஜை. கேலனுக்கு அதிகம் பேச்சு வராது.

வெர்லின் மேஜையில் முழங்கையை ஊன்றினான். "எனக்கு வேண்டியது என்னன்னா கேலன், பையில போட்டா கைக்குட்ட மாதிரி இருக்கணும். சுட்டா பீரங்கி மாதிரி இருக்கணும்."

"அப்படி ஒண்ணு வந்தா மொதல்ல நான் எடுத்துக்குவேன்" என்றான் கேலன். ரப்பர் விரிப்பை மேஜைமேல் போட்டு ஒவ்வொன்றாக வைத்தான்.

முதலாவது, இரட்டைக் குழல் வைத்த குட்டித் துப்பாக்கி. "ரெண்டு குண்டுதான்" என்றான் கேலன்.

"மூணு பேர் வந்தா?"

"மூணாவது ஆளுக்கு மிட்டாய் குடு" என்றேன் நான்.

வெர்லின் என்னை முறைத்தான். அடுத்தது சின்னக் குண்டு போடுவது, உள்ளங்கைக்குள் அடங்கியது. பின்பக்கக் கொட்டகையில் சுட்டுப் பார்த்தோம். அது உதைக்கவே இல்லை, வெர்லின்கூடக் காகிதத்தில் நாலு ஓட்டை போட்டான். கேலன், "இத எடுத்துக்க, வெர்லின். உன் கைக்கு இதுதான் கேக்குது" என்றான்.

"இது எலி சுடறதுக்கு. வெளிய சொன்னா சிரிப்பானுங்க."

"வெளிய தெரியக் கூடாதுன்னுதானே சின்னதாக் கேட்டே?" என்றேன். அவன் அதை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

மூன்றாவது, ஒல்லியாக, கறுப்பாக, ஒரு சோப்புக்கட்டி அளவு. அதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துபோனது. "இது பாக்கத்தான் சின்னது, உதை பலமா இருக்கும்" என்றான் கேலன். இருந்தது. முதல் தடவை சுட்டபோதே கட்டைவிரலுக்குக் கீழே தோலைக் கடித்துவிட்டது. ரத்தம். காகிதத்தில் ஒன்றுகூடப் படவில்லை. பின்னால் இருந்த மண்மேட்டில் எங்கேயோ புகைந்தது. ரத்தக் கையோடு திரும்பி, "சத்தத்தக் கேட்டியா?" என்றான். அட கடவுளே.

கேலன் கடைசியாக ஒன்றை வைத்தான். கொஞ்சம் தடிமன், பக்கவாட்டில் ஒரு சின்னத் தாழ்ப்பாள். "வீட்டுக்குப் பேத்தி வருதுல்ல? இதுல பூட்டு உண்டு. அந்தக் கறுப்புல கெடையாது. விசைய இழுத்தா வெடிச்சுடும், அவ்வளவுதான்."

"எவனாவது கத்தியோட வர்றப்ப நான் தாழ்ப்பாளத் தள்ளிக்கிட்டு நிப்பனா? போப்பா."

கறுப்பைத்தான் எடுத்தான். கூடவே ஒரு தோல் உறை. அதன் வெளிப்பக்கம் சொரசொரப்பாக இருந்தது. "உறை பையோட ஒட்டிக்கும்" என்று கேலன் விளக்கினான். "இழுத்தா துப்பாக்கி மட்டும் கையோட வரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க, வெர்லின். அந்தப் பையில வேற எதுவும் போடாத. சாவி, சில்லறை, எதுவும் வேணாம். வேற எதுக்காகவும் அந்தப் பைக்குள்ள கை போகக் கூடாது."

"மிட்டாய்?" என்றேன்.

"மிட்டாயும்தான்."

வெர்லின் காதில் அது விழுந்ததா என்றே தெரியவில்லை. கண்ணாடி முன்னால் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தான். "நேவா, தெரியுதா?"

தெரியவில்லை. அதுதான் வினை.

கால்சட்டைப் பையில்தான் முதலில் போட்டான். உட்கார்ந்தால் கை உள்ளே போகவில்லை. ஒரு தடவை போன கை வெளியே வரவில்லை, சோபாவில் சாய்ந்து கிடந்தபடி ஆர்டித்தைக் கூப்பிட்டான். அதனால் கோட்டுக்கு மாற்றினான். அவன் வலக்கைக்காரன், ஆகவே வலது பை. மிட்டாய் இடது பைக்குப் போனது. அடுத்த ஞாயிறு பிள்ளைகள் வந்தபோது, "இனிமே இந்தப் பக்கம், கண்ணுங்களா. அந்தப் பக்கம் கை போகக் கூடாது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். பிள்ளைகளுக்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன, மிட்டாய் வந்தால் சரி. ஒரே ஞாயிற்றில் பழகிக்கொண்டார்கள்.

மார்லி அப்போது ஊரில் இல்லை. அவள் அப்பாவைப் பெற்றவர்கள் வீட்டுக்கு, ஆர்கன்ஸாவுக்குப் போயிருந்தாள். நான் வெர்லினைத் தனியாக மடக்கினேன். "அவ வர்ற அன்னைக்கு இது உன் கோட்டுல இருந்துச்சு, ட்ரெஸாகிட்ட நானே சொல்வேன்."

"அன்னைக்கு வண்டியில பூட்டிட்டுத்தான் வருவேன். என்னய மடையன்னு நெனச்சியா?"

மடையன் என்றுதான் நினைத்தேன். பொய்யன் என்பதையும் சேர்த்து நினைத்திருக்க வேண்டும்.

மார்லி திரும்பி வந்த ஞாயிறு, சர்ச்சில் எல்லோரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுகிற நாள். கூடம் நிறையப் பொரித்த கோழி, வெண்டைக்காய் வறுவல், சோளரொட்டி. நான் வாழைப்பழப் புட்டிங்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துக்கொண்டிருந்தேன். வெர்லின் வழக்கமான இடத்தில் காபியோடு நின்று பாஸ்டருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். எவனாவது துப்பாக்கியோடு வந்துவிடுவானோ என்று சர்ச் வாசலில் காவல் நிற்கிற நாலு ஆண்களில் இவனும் ஒருவன். காதில் ஒரு ஒயர் தொங்கும், அதில் யாரும் எதுவும் பேச மாட்டார்கள்.

"மூஞ்சியப் பாக்கக் கூடாது, பாஸ்டர். உள்ள வர்றவன் சிரிப்பான், கும்புடுவான், எல்லாம் பண்ணுவான். நான் மூஞ்சியப் பாக்கவே மாட்டேன். கையத்தான் பாப்பேன். கை எங்க போகுதுன்னு ஒரு கண்ணு எப்பவும்..."

மஞ்சள் ரப்பர் பூட்ஸ் தடதடவென்று சத்தம் போட மார்லி ஓடி வந்தாள். பேச்சை நிறுத்தாமலே அவள் தலையைத் தடவினான். அவள் பிறந்ததிலிருந்து தெரிந்த பைக்குள், வலது பைக்குள், கையை விட்டாள்.

ஊரில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளிடமும் பை மாறிவிட்டது என்று சொன்னவன், அவளிடம் மட்டும் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. பின்னால் ஆர்டித் அவனைக் குடைந்து குடைந்து அதை வெளியே எடுத்தாள். சொன்னால் "ஏன் தாத்தா?" என்று கேட்பாளாம். கேட்டதை அம்மாவிடம் போய் ஒப்பிப்பாளாம். அதனால் காலையில் அவளைப் பார்த்ததும் இரண்டு மிட்டாயை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டானாம், அதோடு விட்டுவிடுவாள் என்று. குழந்தையைத் தெரிந்த லட்சணம் அவ்வளவுதான்.

நல்ல உறை. கேலன் சொன்னபடியே அது பையோடு ஒட்டிக்கொண்டது, துப்பாக்கி மட்டும் கையோடு வந்தது.

"தாத்தா, மிட்டாய் இல்ல" என்றாள் மார்லி.

இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தாள். அதன் ஓட்டைக்குள் ஏதாவது இருக்கிறதா என்பதுபோலத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். அவளுக்குப் பின்னால் மிட்டாய் வரிசையில் இன்னும் ஆறேழு பிள்ளைகள்.  நான் புட்டிங் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

வெர்லின் பார்த்தான். காபிக் கோப்பை கீழே விழுந்தது. மாசக்கணக்கில் கண்ணாடி முன்னால் நின்று எடுத்துப் பழகினவன், கையைப் பார்க்கிறவன், ஒரே நொடியில் பாயப்போகிறவன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். ஐந்து வயதுக் குழந்தைக்கு முன்னால், அந்தப் பெட்ரோல் பங்கில் தூக்கின மாதிரியே தூக்கிக்கொண்டு, அசையாமல் நின்றான்.

ட்ரெஸா கூடத்தின் மறுகோடியிலிருந்து வந்தாள். ஓடவில்லை, ஓடினால் குழந்தை திடுக்கிடும். பின்னாலிருந்து குனிந்து, தன் கையால் அந்தச் சின்னக் கைகளை மூடி, குழலைத் தரைக்குத் திருப்பினாள். "மார்லி, வெரல எடு. அம்மாகிட்ட விட்டுடு. ஆ, அப்படித்தான்." வாங்கினாள். குண்டுப்பெட்டியை உருவினாள், உள்ளே இருந்த ஒற்றைக் குண்டையும் கழற்றினாள். எல்லாவற்றையும் கோழித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இந்த ஊரில் வளர்ந்தவள்தானே, துப்பாக்கி அவளுக்குப் புதிதில்லை. அப்புறம்தான் நிமிர்ந்து அப்பனைப் பார்த்தாள்.

"கையக் கீழ எறக்குங்கப்பா" என்றாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆர்டித் பின்னாலேயே போனாள். வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

அதற்கப்புறம் ஆண்பிள்ளைகள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார்கள். முதுகில் தட்டினார்கள். அரைமணி நேரத்தில் அவனுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. "அதோட விசை ரொம்ப இறுக்கம். கொழந்த கைக்கு அசையவே அசையாது. நான் வேணும்னே அப்படிப் பாத்துத்தான் வாங்கினேன்" என்றான். புட்டிங்கை அவன் தலையில் கவிழ்க்காமல் நான் வீட்டுக்கு வந்ததே பெரிய காரியம்.

அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நின்றான். இடது பை புடைத்திருந்தது. தாய்மார்கள் பிள்ளைகளின் தோளைப் பிடித்து வேறு பக்கமாக நடத்திக்கொண்டு போனார்கள்.  ஒரு வாண்டு மட்டும் திமிறினான், அவன் அம்மா காதோடு ஏதோ சொன்னாள், அவன் அடங்கிவிட்டான். வெர்லின் ஒரு மிட்டாயைத் தானே பிரித்து வாயில் போட்டுக்கொண்டான்.

மூன்று ஞாயிறு ட்ரெஸா வரவில்லை. ஃபோன் எடுக்கவில்லை. நாலாவது வாரம் அவளே கூப்பிட்டாள். "எல்லாத்தையும் குடுத்துட்டுக் கூப்பிடுங்க. அந்த ஞாயிறே வரோம். பூட்டி வெக்கறேன்னு சொன்னா நம்ப மாட்டேன். வீட்டுல ஒண்ணுகூட இருக்கக் கூடாது." அவ்வளவுதான். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா தன் புருஷனிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று கேட்டாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டே, "அத மூணையும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா, வெர்லின். எனக்காக இது ஒண்ணு பண்ணு" என்றாள்.

"சரி" என்றான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. "என் பேத்திய விட எனக்கு இது பெருசா?"

நான்தான் வண்டி ஓட்டினேன். நாங்கள் கிளம்பும்போது ஆர்டித், மார்லி மத்தியானம் தூங்குகிற கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். ஃபோனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

கேலன் மூன்றையும் வாங்கி விரிப்பின்மேல் வைத்தான். நடந்தது அவனுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். "நல்லதுதான் பண்றே" என்று மட்டும் சொன்னான். நான் மூச்சு விட்டேன். இந்த ஆளை நான் கொஞ்சம் அதிகமாகத்தான் திட்டிவிட்டேனோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. நாய்களுக்கு உண்ணி மருந்து வாங்க முன்பக்கம் போனேன்.

திரும்பி வந்தபோது விரிப்பின்மேல் தாழ்ப்பாள் வைத்த அந்தத் துப்பாக்கி இருந்தது. கேலன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாரு நேவா" என்றான் வெர்லின், வெகு உற்சாகமாக. "இதுல பூட்டு இருக்கு. இது இருந்திருந்தா அன்னைக்கு ஒண்ணுமே இல்ல. மூணு குடுத்துட்டு ஒண்ணு எடுக்கறேன், அதுவும் பூட்டு வெச்சது. இனிமே ட்ரெஸா என்ன சொல்லிடுவா?"

"ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு சொன்னா."

"சொல்லுவா. அவளுக்கு ஊரு ஒலகம் தெரியாது. எவனாவது வந்து நின்னா நான் கையத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா?"

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. இவனிடம் சொல்லி என்ன பிரயோசனம்? வெட்கம் என்ற ஒன்று இருக்கிறவனிடம் பேசலாம். உண்ணி மருந்தை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். பின்னாலேயே வந்த வெர்லின், அதை வலது பையில் போட்டுக்கொண்டு தீவன மூட்டைகளுக்கு நடுவில் நின்று, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான்.

"தெரியுதா?"

"தெரியல" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

வழியெல்லாம் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். "ஆர்டித்கிட்ட குடுத்தாச்சுன்னு சொன்னா பொய் இல்ல. மூணயும் குடுத்தாச்சுல்ல? நீ பேசாம இரு, போதும்." நான் பேசாமல்தான் இருந்தேன்.

ஆர்டித் வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் ஃபோன். அடுப்பில் பீச் பழம் வேகிற மணம் தெருவரைக்கும் வந்தது. வெர்லின் இறங்கிப் படியேறி, "குடுத்தாச்சு, ஆர்டித். மூணும் குடுத்தாச்சு. கூப்பிடு அவள" என்றான். நல்லாத்தான் சொன்னான், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

என் அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கிட்டே வந்து, பிள்ளைகள் விடுகிற மாதிரி, அவன் கோட்டின் வலது பைக்குள் கையை விட்டாள். கை உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது. எதையும் வெளியே எடுக்கவில்லை. வெறுங்கையை எடுத்து ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் வண்டியில் இருந்த எனக்கே கேட்டது.

"ஆர்டித்!" என்று அவன் தட்ட ஆரம்பித்தான். "ஏய் ஆர்டித், நான் வெளியதான் நிக்கறேன்!"

அவளுக்குத் தெரியும். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.